வலப்பக்கம் உட்கார்ந்தவன்

திரையின் மூலையில் அறுபத்திரண்டு டிகிரி என்று பச்சையில் எழுதியிருந்தது. வெளியே மணிமங்கலத்தில் அன்று நாற்பத்தொன்று. மே மாதத்தில் ஊரைவிட இருபது டிகிரி மட்டும் கூடுதலாகச் சூடாகும் கணினி நல்ல கணினிதான் என்று நானும் நினைத்தேன். ஆனால் அது வேலை செய்ய மறுத்தது.

மறுத்தது என்றால் நின்றுவிடவில்லை. இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓடும். பிறகு சத்தமில்லாமல் வேகம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். பத்து நிமிடம் ஊர்ந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும். பச்சை எழுத்து மட்டும் அறுபத்திரண்டிலேயே நிற்கும். கெட்ட செய்தியை மறைத்து வைத்திருக்கும் உறவினர் முகத்தில் இப்படியொரு அமைதியைப் பார்த்திருக்கிறேன்.

நான் செய்யாத முட்டாள்தனம் இல்லை. வைரஸ் தேடினேன். விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். மின்வாரியத்தைத் திட்டினேன். கடைசியில் கணினியை ஏ.சி. இருக்கும் படுக்கையறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு நான் கூடத்தில் படுத்தேன். வீட்டில் ஏ.சி. விஷயத்தில் எனக்கு எப்போதும் இரண்டாமிடம். மூன்றாமிடத்துக்கு இறங்கியது அந்த வாரம்தான்.

அந்தப் பெட்டியில்தான் என் பிழைப்பு இருக்கிறது. பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக் எப்படிப் பாயும், எங்கே தேங்கும், எங்கே கோணிக்கொள்ளும் என்று எஃகை வெட்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்வது என் தொழில். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பதினாறு வருடம் அதைச் செய்தேன். பிறகு என் துறையைப் புனேவுக்கு மாற்றினார்கள். என்னை மாற்ற மறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் உட்கார்ந்து, அச்சு வெட்டும் டூல்ரூம்களுக்குச் செய்து கொடுக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் டூல்ரூம்காரர் ஒருவர் அந்த வாரம் இரண்டு முறை போன் செய்தார். "சார், உங்க கம்ப்யூட்டர்ல பிளாஸ்டிக் உருகறதுக்குள்ள வெயில்லயே உருகிடும் போலகீதே" என்றார். சிரித்தேன். வாடிக்கையாளர் நகைச்சுவை என்றால் சிரித்துத்தான் ஆகவேண்டும்.

ஆனால் அந்த மே மாதத்தில் எங்கள் வீட்டின் பெரிய கவலை என் கணினி அல்ல. என் மனைவியின் வேலை.

அவள் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடமாக இருக்கிறாள். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களுக்கான சார்ஜர் போர்டு செய்கிற லைன். கொஞ்ச நாளாக போர்டுகள் திரும்பி வர ஆரம்பித்திருந்தன. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஒரு அட்டைப்பெட்டி நிறைய. எல்லாம் ஒரே இடத்தில் கருகியவை. ஒவ்வொரு போர்டிலும் பார்கோடு இருக்கும். எந்த நாள், எந்த ஷிஃப்ட், எந்த லைன் என்று அது சொல்லிவிடும். அவள் லைனைத்தான் சொன்னது.

"யார் மேலயாவது பழிய எழுதியாவணும்ல" என்றாள் ஒருநாள் சாப்பிடும்போது. "திங்கக்கெழம எங்க முன்னாடியே வச்சி தொறந்து பாக்கப் போறாங்களாம்."

"எதைத் திறக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"ஹீட் சிங்க்க கழட்டுவாங்க. உள்ள இன்னா கீதுன்னு பாக்கறதுக்கு." சோற்றைப் பிசைந்தவள் வாயில் வைக்கவில்லை. "எவ கை வச்சாளோ அவ வெளியே. அவ்ளோதான்."

அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். வருடத்துக்கு நாற்பது புத்தகம் படிப்பவன் என்று திருமண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்துவார்கள். அந்த நாற்பதும் அன்றைக்கு உதவிக்கு வரவில்லை.

சனிக்கிழமை மாலை, வெப்பநிலை காட்டும் அதே மென்பொருளைத் தற்செயலாகக் கீழே உருட்டினேன். வாங்கியதிலிருந்து அதை நான் உருட்டியதில்லை. முதல் வரியில் பச்சை இருந்தால் கடைசி வரை பச்சை என்று நம்புகிற ஆள் நான். இரண்டாம் பக்கத்தின் அடியில், ஏதோ சுருக்கெழுத்துப் பெயரில் ஒரு வரி இருந்தது. அதன் எதிரே நூற்றுப் பதினெட்டு.

அது பிராசசரின் வெப்பம் அல்ல. பிராசசருக்கு மின்சாரம் ஊட்டுகிற பகுதியின் வெப்பம். மதர்போர்டுக்கு வருவது பன்னிரண்டு வோல்ட். பிராசசர் கேட்பதோ ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே. அந்தப் பன்னிரண்டை ஒன்றாகக் குறைத்து, முழு வேகத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் கொடுப்பது பிராசசரைச் சுற்றி வரிசையாக இருக்கும் சில கறுப்புச் சில்லுகள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னவை. இந்த வேலையில் அவை சூடாகும். அதற்காக அவற்றின் மேல் ஒரு அலுமினியக் கட்டி உட்கார்ந்திருக்கும். அதுதான் ஹீட் சிங்க். சில்லுக்கும் கட்டிக்கும் நடுவே சூட்டைக் கடத்த மெத்தென்று ஒரு பட்டை இருக்கும், பேட் என்பார்கள். சூடு எல்லை தாண்டினால் போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைப் பிடித்து இழுக்கும். அதைத்தான் அது செய்துகொண்டிருந்தது. நான் விண்டோஸை அழித்துக்கொண்டிருந்தேன்.

பாதிக் குற்றம் என் பகட்டு. முன்பு பிராசசர் மேல் ஒரு பெரிய மின்விசிறி இருந்தது. அதன் காற்று பக்கத்துச் சில்லுகள் மேலும் பட்டது. அது பார்க்க லேத் பட்டறை மாதிரி இருக்கிறது என்று தண்ணீர்க் குழாய் வைத்த குளிர்விப்பான் வாங்கினேன். அது பிராசசரின் சூட்டைக் குழாய் வழியே பெட்டியின் உச்சிக்குக் கொண்டுபோய்விடும். பிராசசர் குளிர்ந்தது. அதற்கு ஊட்டுகிறவர்கள் மேல் காற்றே படவில்லை. நீல விளக்கு வேறு எரியும். அதற்குத் தனியாகக் காசு கொடுத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தாலும் வெறும் காற்றில்லாமைக்கு நூற்றுப் பதினெட்டு அதிகம்.

மறுநாள் ஞாயிறு. அவளுக்கு விடுமுறை. மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து திறந்தேன். ஒரு வாசனை வந்தது. எரிந்த வாசனை என்று சொல்ல முடியாது. வெயிலில் நிறுத்திய காரைத் திறந்தால் வருமே, அதைப்போல. ஹீட் சிங்கின் நான்கு திருகாணிகளைக் கழற்றித் தூக்கினேன். ஒட்டிக்கொண்டு வரவேண்டிய அது, தண்ணீரில் மிதந்த தட்டு போல வழுக்கிக்கொண்டு வந்தது.

பட்டையின் மேல் ஒரு ஃபிலிம் இருந்தது. கண்ணாடிபோல மெல்லிய பிளாஸ்டிக் தாள், விளிம்பில் பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. புதிய பட்டையின் இரண்டு பக்கமும் அப்படி ஒரு தாள் இருக்கும். இரண்டையும் உரிக்க வேண்டும். கீழ்ப்பக்கத் தாள் உரிக்கப்பட்டிருந்தது. மேல்தாள் அப்படியே இருந்தது. பொங்கலிலிருந்து என் சில்லுகள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வியர்த்துக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பட்டையை ஒட்டியது என் மனைவி.

பொங்கல் விடுமுறையில்தான் அதைச் செய்தோம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய மதர்போர்டு ஒன்று வாங்கி வந்திருந்தேன். அதிலிருந்த பட்டைகள் நேற்றைய சப்பாத்தி மாதிரி காய்ந்திருந்தன. புதிதாக ஒட்ட வேண்டும். என் விரல்கள் பேனா மூடியைக் கழற்றவே இரண்டு முறை முயலும். அவளுடையவை அப்படியல்ல. தொழிற்சாலையில் அவள் வேலையே அதுதான், கத்தரித்த பட்டையைச் சில்லு மேல் ஒட்டுவது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியைக்கூடப் போடாமல், எட்டு நிமிடத்தில் ஒட்டினாள். ஒட்டியதும் போர்டை வலப்பக்கம் தள்ளினாள். வலப்பக்கம் உட்கார்ந்திருந்தது நான். ஹீட் சிங்கை வைத்துத் திருகினேன். "இன்னா, திருகாணியாவது ஒழுங்கா போட்டீங்களா?" என்றாள். போட்டேன் என்றேன். அது மட்டும் உண்மை.

அவள் லைன் இடமிருந்து வலமாக ஓடும். அவள் கீழ்த்தாளை உரித்து ஒட்டுவாள். மேல்தாளை விட்டுவிடுவாள், தூசி படாமலிருக்க. அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண் மேல்தாளை உரித்து, ஹீட் சிங்கை வைத்துத் திருகுவாள். அந்தப் பெண்தான் அடுத்த ஸ்டேஷன். இது எனக்குத் தெரியும். பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டதெல்லாம் தெரிந்ததாகிவிடாது என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் தெரியும். பொங்கல் முடிந்து வேலைக்குப் போன அன்றே லைனைச் சுருக்கிவிட்டார்கள். வலப்பக்கத்துப் பெண்ணை வேறு லைனுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு ஸ்டேஷன் வேலையையும் இவளிடம் கொடுத்தார்கள். ஒட்டு, உரி, வை, திருகு. "சூப்ரவைசர் அஞ்சு நிமிஷம் ட்ரெயினிங் குடுத்தான், அதுலயும் மூணு நிமிஷம் போன் பேசினான்" என்று சொல்லிச் சிரித்தாள் அப்போது.

கூடத்துத் தரையில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கருகிய போர்டுகள் எந்த மாதத்தில் செய்தவை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இனிமேல் கேட்க முடியாது என்று தோன்றியது.

மாடிப்படியில் காலடி கேட்டது. தாளைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அவள் பாத்திரம் கழுவப் போனாள். சில்லுகளைத் துடைத்துவிட்டு, பொங்கலில் மிச்சமிருந்த புதுப்பட்டையின் இரண்டு தாளையும் இரண்டு முறை சரிபார்த்து உரித்து ஒட்டினேன். கோணலாகத்தான் ஒட்டினேன். பக்கவாட்டில் பழைய மின்விசிறி ஒன்றை, காற்று சில்லுகள் மேல் படும்படி கட்டினேன். ஓடவிட்டேன். அரை மணி நேரம் கழித்து அந்தக் கடைசி வரியில் எழுபத்தொன்று என்று இருந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. இத்தனை துல்லியமாக ஒரு சிக்கலைத் தீர்த்து இத்தனை பயந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"சரியாயிட்ச்சா?" ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "இன்னாவாம்?"

"தூசி."

"தூசியா?" பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "கழட்டினீங்களா?"

"லேசா."

"பேட மாத்திக்கீறீங்க, ஓரத்துல பிதுங்குது. நான் ஒட்டுனா இப்டி கோணலா இருக்காது." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "தூசிக்கு எதுக்கு பேட மாத்தினீங்க?"

பதினோரு வருடமாகக் குறையிருக்கும் போர்டைக் கண்ணாலேயே பிடிக்கிறவளிடம் பொய் சொல்ல முயன்றது என் பிழை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவள் அதைத் தொடவில்லை. 

"இது நீங்க உரிச்சிருக்கணும்" என்றாள்.

"ஆமாம். என் தப்புதான்."

"இங்க உங்க தப்பு." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அங்க பக்கத்துல நீங்க இல்லியே."

பிறகு அவள் செய்ததை இன்னும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, இல்லாத போர்டு ஒன்றில் வேலை செய்ய ஆரம்பித்தாள். ஒட்டினாள். இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரத்தைக் கிள்ளி உரித்தன. வைத்தாள். திருகினாள். மறுபடியும். மறுபடியும். கை வேகமெடுத்தது. லைனின் வேகம் அதுதான் போலிருக்கிறது. நான் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கிள்ளுகிறது, உரிக்கிறது. கிள்ளுகிறது, உரிக்கிறது.

கண்ணைத் திறந்தாள். "உரிச்சேனா?"

"எல்லா முறையும்."

"இப்ப உரிக்கிது. அது பழகிட்ச்சி." கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "பழகறதுக்கு எத்தினி நாள் ஆச்சி? அது யாருக்குத் தெரியும்?"

அன்று இரவு நான் சமைத்தேன். அதுவும் ஒரு கெட்ட சகுனம்தான், எங்கள் வீட்டில்.

திங்கள் காலை முதல் ஷிஃப்ட். அந்தத் தாளை ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினாள். எதற்கு என்று கேட்டேன். "அவங்க தொறக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு" என்றாள். பஸ் கிளம்பிய பிறகுதான் அவளைத் தடுத்திருக்க வேண்டுமோ என்று யோசித்தேன். என் யோசனைகள் எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

கணினி அன்று முழுக்க ஒரு முறைகூடத் தயங்கவில்லை. டூல்ரூம்காரரின் அச்சு அழகாக நிரம்பியது. நான்தான் திரையைச் சரியாகவே பார்க்கவில்லை.

மூன்றரைக்கு வந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. கைப்பையையும் போனையும் மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"ஆறு போர்டு தொறந்தாங்க. ஆறுலயும் கீது."

"நீ சொன்னாயா?"

"மொதல்லயே சொல்லிட்டேன். அந்த கவர காமிச்சேன். எங்க சூப்ரவைசருக்கு மூஞ்சி செத்துப் போச்சி. ஆறும் பொங்கலுக்கு அப்புறம் மொத நாலு நாளு போட்டது. அதுக்கப்புறம் போட்டது ஒண்ணு கூட திரும்பி வரல." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "நாலு நாளு. என் கைக்கு நாலு நாளு ஆச்சி."

"வேலையை விட்டு..."

"இப்ப அனுப்ப மாட்டாங்க. அனுப்பினா லைன எதுக்கு சுருக்கினீங்கன்னு நான் கேப்பேன்ல? ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கினாங்க. கஸ்டமருக்கு மெயில் போயி, அவங்க ஆளு வந்து பாக்கற வரைக்கும் வெளிய வாயத் தொறக்கக் கூடாதாம். 'அக்கா, ஒரு வார்த்த வெளிய போச்சி, அப்புறம் நானே நெனச்சாலும் உங்கள காப்பாத்த முடியாது' ன்றான்."

"எத்தனை நாளாகும்?"

"வாரம் பத்து நாளு ஆவும்ன்றான்."

நான் அப்போது ஒரு வாக்கியம் சொன்னேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னது நான்தான். "பத்து நாள்தானே" என்றேன்.

அவள் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தாள். எதிர்வீட்டு மருமகள் சித்திரையில் ஸ்கூட்டர் வாங்கியிருந்தாள். இவள் கம்பெனி சார்ஜர் வைத்த வண்டி என்று தெரிந்து, இவளிடம் கேட்டுக்கொண்டுதான் வாங்கினாள். வாசலையொட்டிய அறையின் ஜன்னலுக்கு அடியில் வண்டி நின்றது. ஜன்னலிலிருந்து ஒரு ஒயர் இறங்கி அதற்குள் போயிருந்தது. அறைக்குள் அவள் புருஷன் தூங்கிக்கொண்டிருப்பான், அவனுக்கு நைட் ஷிஃப்ட்.

"எந்த நாளு போர்டுன்னு வெளியிலேர்ந்து தெரியாது" என்றாள். "பார்கோடு உள்ள கீது."

செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட்டிருக்கிறாய்" என்றேன்.

"போட்டுட்டுதான் வந்தேன்."

தெருவைத் தாண்டிப் போனாள். நான் ஜன்னலில் நின்றேன். எதிர்வீட்டுக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இன்னாக்கா, யூனிபார்மோட? இப்பதான் வந்தீங்களா?"

"அந்த ஒயர கழட்டும்மா மொதல்ல."

"ஏன்க்கா? இப்பதான் போட்டேன். ஆறு மணிக்கு பெரியவன டியூஷன் கூட்டிகினு போவணுமே."

"ஆட்டோல போ. கொஞ்ச நாளைக்கி சார்ஜ் போடாத."

"நீங்கதானேக்கா நல்ல வண்டின்னு சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன். சார்ஜரையும் நான்தான் போட்டேன். நான் சொல்றேன், கழட்டு."

எதிர்வீட்டுக்காரி சிரிக்கப் பார்த்தாள். என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். என் மனைவி குனிந்து, இருக்கைக்கு அடியில் சார்ஜர் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். பிறகு ஜன்னல் வழியே கையை விட்டுச் சுவிட்சை அவளே அணைத்தாள்.

"இந்தப் பக்கம் வேற யார்னா வச்சிருக்காங்களா?"

எதிர்வீட்டுக்காரி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு விரலை நீட்டினாள். "தண்ணி டேங்க் பக்கத்துல ஒருத்தர். கோயில் தெருவுல ரெண்டு. அப்புறம் அந்த ஹாஸ்டல் பசங்க நாலஞ்சி பேரு, எல்லாம் ஒண்ணா மாடிப்படிக்குக் கீழ சொருகி வச்சிருப்பானுங்க."

மாடிப்படிக்குக் கீழே. அந்த விடுதிக்கு இருக்கிற ஒரே படி அதுதான். தென்மாவட்டத்துப் பையன்கள், மூன்று ஷிஃப்டுக்கும் முறை வைத்துத் தூங்குகிறவர்கள்.

அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

எனக்குப் பின்னால் மேசையில் அவள் போன் அடித்தது. திரையில் சூப்பர்வைசர் என்று இருந்தது. இவ்வளவு சீக்கிரம் யார் சொல்லியிருக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். யாரும் சொல்லியிருக்க முடியாது. அப்படியானால் வேறு எதற்கோ கூப்பிடுகிறான். அந்த வேறு என்னவென்று யோசிக்க எனக்குத் தைரியமில்லை. ஏழாவது எட்டாவது போர்டு வந்திருக்கலாம். போர்டாக இல்லாமலும் இருக்கலாம்.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். அவள் அதற்குள் கோயில் தெருவில்கூட நிற்காமல் விடுதிப் பக்கம் திரும்பியிருந்தாள். நடந்துகொண்டிருந்தவள் ஓட ஆரம்பித்ததைப் பார்த்தேன்.